முதல் பார்வையும் முழு உண்மையும்



புதிய நாட்டில் கால் வைத்ததும் நம் கண்ணில் முதலில் படுவது வித்தியாசங்கள்தான். அந்த முதல் பார்வையை வைத்தே ஊரையும் மக்களையும் எடைபோட்டு விடுகிறோம். புனித ஜோசே தே அன்சியேத்தாவின் வாழ்வு இதற்கு மாற்று வழியைக் காட்டுகிறது.

1534-ஆம் ஆண்டு கானரித் தீவுகளில் பிறந்த இவர், இயேசு சபையில் சேர்ந்து, 1553-இல் தம் 19-ஆம் வயதில் பிரேசில் வந்தடைந்தார். மறு ஆண்டு, இன்றைய சாவோ பாவுலோ நகரம் உருவான இடத்தில், 14 அடிவைப்பு நீளமும் 10 அடிவைப்பு அகலமும் கொண்ட மண்குடிசையில் சகோதரர்களுடன் தங்கினார். அதுவே பள்ளி, அதுவே சமையலறை, அதுவே நோயாளிகளின் அறை. உள்ளே ஒரே புகை.

1560-இல் அவர் எழுதிய நீண்ட கடிதத்தில் அந்நாட்டுப் பருவங்களையும் உயிரினங்களையும் வியப்போடு விவரிக்கிறார். வாலால் கிலுகிலுப்பை போல் ஓசை எழுப்பும் நச்சுப்பாம்பு, வயிற்றுப் பையில் குட்டிகளைச் சுமக்கும் பிராணி, நாக்கை நீட்டி எறும்புகளைப் பிடிக்கும் எறும்புதின்னி எனப் பலவும் அதில் உண்டு. மிகச் சிறிய ரீங்காரச்சிட்டு பனித்துளியை உண்டே வாழ்வதாகவும் எழுதினார். அது தேனையும் சிறு பூச்சிகளையும் உண்கிறது என்பதை நாம் இன்று அறிவோம். புனிதர்களின் கண்ணுக்கும் முதல் பார்வையில் எல்லாம் தெரிவதில்லை!

அக்கடிதத்தில் வரும் இன்னொரு விலங்கு, மரத்தில் மிக மெதுவாக நகர்வது. போர்த்துக்கீசியர் அதற்கு வைத்த பெயர் 'சோம்பல்'. ஏழு தலையான பாவங்களுள் ஒன்றின் பெயர், பாவமே அறியாத ஒரு பிராணிக்கு! இலைகளிலிருந்து கிடைக்கும் சக்தி மிகக் குறைவு. அவை செரிக்கப் பல நாட்கள் ஆகும். எனவே நிதானமாக வாழும்படி இறைவன் அதைப் படைத்திருக்கிறார். அதன் உரோமத்தில் வளரும் பாசி, இலைகளோடு இலையாக அதை மறைத்துக் காக்கிறது. நாம் குறை என்று கண்டது, அதற்குக் கொடை.

அன்சியேத்தா முதல் வியப்போடு நின்றுவிடவில்லை. 44 ஆண்டுகள் அங்கேயே தங்கினார். துப்பி மக்களின் மொழியைக் கற்று, அவர்கள் சொன்ன பெயர்களாலேயே பல உயிரினங்களைக் குறிப்பிட்டார். அம்மொழிக்கு அவர் எழுதிய இலக்கணம் 1595-இல் அச்சானது. 1597 ஜூன் 9 அன்று இறைவனடி சேர்ந்த இவரை, திருத்தந்தை பிரான்சிஸ் 2014 ஏப்ரல் 3 அன்று புனிதராக அறிவித்தார்.

ஆண்டவர் உயிரினங்களை மனிதனிடம் கொண்டுவந்து, அவன் என்ன பெயரிடுவான் என்று பார்த்ததாகத் தொடக்கநூல் 2:19 கூறுகிறது. பெயரிடுவது பொறுப்பு, அன்போடு உற்றுப் பார்த்தவருக்கே அது தகும்.

நம் பங்கிற்குப் புதிதாக வந்து, கோவிலின் கடைசி வரிசையில் அமரும் குடும்பத்திற்கு நாம் மனதுக்குள் என்ன பெயர் வைத்திருக்கிறோம்? 'ஒட்டாதவர்கள்', 'தலைக்கனம் பிடித்தவர்கள்' என்றா? அவர்களுடைய உண்மையான பெயரை இந்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கேட்டறிவோம்.

புனித ஜோசே தே அன்சியேத்தாவே, எங்களுக்காக மன்றாடும்.