சிறு ஓவியமும் ரொக்கக் கொள்முதலும்

கார்த்திகை பிறந்தது முதல் மகரஜோதி வரை நமது தேனி - குமுளி சாலையில் எத்தனை வண்டிகள் போகின்றன என்பதை நமது கடைக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஐயப்ப பக்தர்கள் ஒருபுறம், தேக்கடிக்குப் போகும் சுற்றுலாப் பயணிகள் ஒருபுறம், சுருளியில் நீராட வருகிறவர்கள் ஒருபுறம். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாக் கூட்டம் தனி. இவர்கள் நம்மிடம் ஏலக்காய் வாங்குகிறார்கள், பன்னீர் திராட்சை வாங்குகிறார்கள், நேந்திரம் சிப்ஸ் வாங்குகிறார்கள். ஆனால் ஊருக்குக் கொண்டுபோய் வீட்டுச் சுவரில் மாட்ட, இந்தப் பக்கத்து ஞாபகமாக ஒரு சின்னப் பொருள் கேட்டால் எதை எடுத்துக் கொடுக்கிறோம்? டெல்லி சதர் பஜாரிலிருந்து வந்த பிளாஸ்டிக் பொம்மையைக் கொடுக்கிறோம். மலையேறிக் குமுளிக்குப் போனால் காஷ்மீரத்துக் காகிதக்கூழ்ப் பெட்டி கிடைக்கிறது. நமது பள்ளத்தாக்கின் கைவேலை ஒன்றும் நம் கடைகளில் இல்லை.

வரைகிறவர்கள் இல்லாமல் இல்லை. நமது கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர்கள் யார் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். மளிகைக் கடை என்றால் ஓரத்தில் லட்சுமி, பாத்திரக் கடை என்றால் பளபளக்கும் குத்துவிளக்கு, லாரியின் பின்பக்கம் மலையும் தென்னையும் என்று பிரஷ்ஷால் தீட்டிய கைகள் அவை. பிளக்ஸ் வந்தபின் அந்தத் தொழில் பத்துப் பதினைந்து வருடத்துக்குள் படுத்துவிட்டது. பலர் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போய்விட்டார்கள், பிள்ளைகள் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். நாமும் செலவு குறைகிறது என்று பிளக்ஸுக்கு மாறியவர்கள்தாம், அதைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அவர்களில் சிலரும், ஓவியப் பள்ளியில் படித்துவிட்டு ஊர் திரும்பிய இளைஞர்கள் சிலரும், இன்று அஞ்சலட்டை அளவில், அரைத்தாள் அளவில் கைப்பட வரைந்து விற்க முயல்கிறார்கள். ஐந்நூறு ரூபாய்க்குள் ஒரு நல்ல கைவேலை. இந்தச் சரக்கை நாம் எப்படிக் கொள்முதல் செய்கிறோம் என்பதில்தான் அவர்கள் தொழிலில் நிற்பதும் நிற்காததும் இருக்கிறது.

கலைஞர்கள் சின்னச் சரக்கை விற்றே நிலைத்து நின்ற முன்னுதாரணம் நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், தம்மிடம் படித்துத் தேறிய மாணவர்கள் வயிற்றுப்பாட்டுக்காக வேறு வேலைக்குப் போய்க் கலையை விட்டுவிடுவதைப் பார்த்து வருந்தினார். அவரும் மாணவர்களும் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்து, மெழுகுபூசிச் சாயம் ஏற்றும் பாத்திக் துணி வேலைகளைச் செய்து கண்காட்சி வைத்து விற்றார்கள். அப்படிச் சேர்ந்த பணத்தைக் கொண்டு ஈஞ்சம்பாக்கத்தில் சுமார் பத்து ஏக்கர் நிலம் வாங்கி, 1966-ஆம் ஆண்டு சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை ஏற்படுத்தினார்கள். நாளில் கொஞ்ச நேரம் விற்பனைக்கான கைவினை, மீதி நேரம் தங்கள் சொந்த ஓவியம், சிற்பம் என்பதே ஏற்பாடு. பணிக்கர் 1977-இல் காலமானார். கிராமம் இன்றும் இருக்கிறது. பெரிய கலைஞர்கள் பலர் அங்கிருந்து வந்தார்கள்.

இதில் வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெரிய ஓவியம் என்றைக்கோ ஒரு நாள் விற்கும். அரிசி, பருப்புக்குக் காசு கொடுத்தது சின்னத் துணியும் கைவினைப் பொருளும்தான். நமது பாஷையில் சொன்னால், பெரிய படம் இருப்புச் சரக்கு, சின்னது ஓட்டச் சரக்கு. ஓட்டச் சரக்கு இல்லாத கடை எத்தனை நாள் திறந்திருக்கும்?

ஜப்பானிலும் இப்படித்தான் நடந்திருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் எடோ நகரத்தில் (இன்றைய டோக்கியோ) மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட சிறு படங்கள் சாதாரண ஜனங்கள் வாங்கும் விலையில் விற்றன. உதமாரோ, ஷராகு போன்ற ஓவியர்களின் படங்களை வெளியிட்டவர் சுதாயா ஜூசாபுரோ என்ற வியாபாரி. ஓவியருக்கும், கட்டை செதுக்குகிறவருக்கும், அச்சடிக்கிறவருக்கும் கூலி கொடுத்து, விற்றாலும் விற்காவிட்டாலும் முதல் தம்முடையது என்று நின்றவர் அவர். அந்தப் படங்கள் இன்று உலகத்து அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன. முதல் போட்டவன் வியாபாரி என்பதை மறந்துவிடக் கூடாது.

நம் பக்கத்தில் நடப்பது வேறு. ஓவியர் இருபது படத்தைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறார். "வைத்துவிட்டுப் போங்க தம்பி, விற்றால் பணம் தருகிறோம்" என்கிறோம். நமக்கு முதலீடு இல்லை, நஷ்டமும் இல்லை என்று அது புத்திசாலித்தனமாகத் தோன்றுகிறது. நான் பேன்ஸி, பரிசுப் பொருள் மொத்த வியாபாரத்தில் நாற்பது ஆண்டுகளாக இருக்கிறேன். நாம் காசு போடாத சரக்கை நம் கடைப் பையன் விற்பதில்லை. அது பொட்டலக் கயிற்றுக்குப் பின்னால், சாம்பிராணி டப்பாவுக்கு மேலே, தூசி படிந்து கிடக்கும். காசு போட்டு வாங்கிய சரக்கு என்றால் முதலாளியின் கண் அதன்மேல் இருக்கும், பையனின் கையும் போகும்.

ஒரு படத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது ஊரின் விலைப்பட்டியல் அல்ல, ஒரு மாதிரிக்குத்தான். நல்ல தாள், வண்ணம் 25 ரூபாய். சட்டம், கண்ணாடி 70. கைவேலைக்காரர் ஒரு நாளைக்கு நான்கு படம் வரைகிறார், நாள் கூலி 800 என்று வைத்தால் ஒரு படத்துக்கு 200. வரைந்து கெட்டுப்போகும் படங்களுக்காக 15. ஆக 310 ரூபாய் அடக்கம். வரையாத நாளும் உண்டு, மதுரைக்குத் தாள் வாங்கப் போகும் நாளும் உண்டு. அதற்கென்று 40 சேர்த்து 350 ரூபாய்க்கு நமக்குக் கொடுக்கிறார். நாம் வரி தனியாக 500 ரூபாய்க்கு விற்கிறோம். நமக்கு மிச்சம் 150. மளிகையில் இந்த விகிதம் எங்கே கிடைக்கிறது?

இதே படத்தை விற்றால் பணம் என்ற ஏற்பாட்டில், கமிஷன் நூற்றுக்கு நாற்பது என்று எடுத்துக்கொண்டால், ஓவியருக்குப் போவது 300 ரூபாய். அதாவது அவருடைய அடக்கத்துக்கும் கீழே. அதுவும் மூன்று மாதம் கழித்து, நாலு தடவை நடந்து, "கணக்குப் பார்க்கிறவர் இன்றைக்கு வரவில்லை" என்ற பதிலைக் கேட்டபிறகு. இதைத் தொழில் என்று எந்த வீட்டில் பெண் கொடுப்பார்கள்?

ரொக்கத்துக்கு வாங்கினால் நமக்கு என்ன ஆபத்து என்றும் பார்க்க வேண்டும். இருபது படம், 7,000 ரூபாய். பதினான்கு படம் விற்றால் போட்ட முதல் கைக்கு வந்துவிடும். மீதி ஆறும் லாபம்தான். திராட்சை போல் இரண்டு நாளில் அழுகாது, வாழைத்தார் போல் கறுக்காது. அடுக்கில் இடம் கேட்காது, சுவரில் தொங்கும். ஒரு கடைக்கு 7,000 அதிகம் என்றால் ஐந்து படம் வாங்கலாம், பழுதில்லை. அந்த ஐந்துக்கு உரிய பணத்தை உடனே கொடுத்துவிட்டால் அவர் அதை வைத்து அடுத்த ஐந்துக்குத் தாள் வாங்குவார். அவரது கைமுதலே அவ்வளவுதான். அதை நம் சுவரில் முடக்கி வைத்துவிட்டு, "புதுச் சரக்கு கொண்டு வரக் காணோமே" என்று கேட்பதில் பொருள் இல்லை.

முன்பணம் கொடுப்பது பற்றி ஒரு வார்த்தை. மதுரை திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் விளாச்சேரி இருக்கிறது. நவராத்திரிக் கொலு பொம்மை, விநாயகர், கிறிஸ்துமஸ் குடில் பொம்மை எல்லாம் அங்குள்ள வேளார் குடும்பங்கள் செய்பவை. விற்பனை புரட்டாசியில், ஆனால் மண்ணுக்கும் வண்ணத்துக்கும் பல மாதம் முன்பே பணம் வேண்டும். அந்த இடைவெளியில்தான் மொத்த வியாபாரியின் முன்பணம் போகிறது. முன்பணம் நல்லதுதான். ஆனால் முன்பணம் கொடுத்தோம் என்பதற்காகப் புரட்டாசி விலையைப் பங்குனியிலேயே அடித்துப் பேசி முடித்துவிடுவது கந்துவட்டிக்குச் சமம் என்பது என் அபிப்பிராயம். எனது நண்பர்கள் சிலருக்கு இது பிடிக்காது. விலையை முதலில் பேசி, ரசீதில் எழுதி, பிறகு முன்பணம் கொடுப்பதுதான் முறை.

கடைக்காரர்கள் பக்கத்து வருத்தமும் நியாயமானது. கடையில் 500 ரூபாய்க்கு வாங்கியவர் வீரபாண்டித் திருவிழாவில் அதே ஓவியர் விரித்த கடையில் அதே படத்தை 350-க்குப் பார்த்தால் நம்மிடம்தான் சண்டைக்கு வருவார். "வாடகை இல்லை, குறைத்துக் கொடுத்தேன்" என்று ஓவியர் சொல்வது சரியல்ல. திருவிழாவில் அவர் வெயிலில் உட்கார்ந்து விற்கிறாரே, அந்த உழைப்புக்கும் விலை உண்டு. சில்லறை விலை எங்கே விற்றாலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று முதலிலேயே பேசிவிட வேண்டும். நேரடியாக விற்கும் நாளில் அந்த 150 ரூபாயும் அவருக்கே சேரட்டும், நமக்கு அதில் பொறாமை வேண்டாம்.

இன்னொரு பழக்கத்தையும் கண்டித்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. ஒரு படத்தை 350 ரூபாய்க்கு வாங்கி, சிவகாசிக்கு அனுப்பி ஆயிரம் பிரதி அடித்துக்கொள்வது. படத்தை வாங்கினால் படம்தான் நம்முடையது. அதைப் பிரதி எடுக்கும் உரிமை, எழுதிக் கொடுத்தால் ஒழிய, வரைந்தவருடையது. 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அவர் ஆயுள் முழுவதும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் அந்த உரிமை உண்டு. நம் கடைகளில் தொங்கிய காலண்டர்களை நினைத்தால் இதன் அருமை விளங்கும். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்து, பின்பு கோவில்பட்டியில் தங்கிவிட்ட சி. கொண்டையராஜு (1898-1976) வரைந்த சாமி படங்கள் தென்னாட்டில் வீட்டுக்கு வீடு பூஜையில் இருந்தன. அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த படங்கள் சிவகாசி அச்சகங்களில் லட்சக்கணக்கில் அச்சாயின. காலண்டர் ஓவியம் வரைந்தவர்களுக்கு அந்தக் காலத்தில் பெரும்பாலும் படத்துக்கு ஒரு தொகை, அதோடு சரி. இன்றைய ஓவியரிடம் அச்சுக்கு எடுப்பதாக இருந்தால் தனியாகப் பேசி, தனியாகப் பணம் கொடுத்து, எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

கணக்கு விஷயத்தில் இரண்டு தகவல்கள். கைப்பட வரைந்த ஓவியத்துக்கு 12 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைந்தது. இரண்டாவது, நம்மில் பலர் கவனிக்காமல் இருப்பது. ஓவியர் உத்யம் பதிவு செய்து குறுந்தொழில் உற்பத்தியாளராக இருந்தால், எழுத்துமூல ஒப்பந்தம் இல்லாதபோது 15 நாளிலும், ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால், 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த வருமான வரி விதிப்படி, பணம் கொடுக்கும் வருடம் வரை அந்தக் கொள்முதலை நாம் செலவாகக் காட்ட முடியாது. ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளவும். ரொக்கமாக முடித்துவிட்டால் இந்தக் கவலையே இல்லை.

என்ன படம் ஓடும் என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. முதலில் கர்னல் பென்னிகுயிக். முல்லைப் பெரியாறு அணையை 1895-இல் கட்டி முடித்த அந்த மனிதருக்கு லோயர் கேம்ப்பில் 2013-இல் மணிமண்டபம் திறக்கப்பட்டது. நமது பள்ளத்தாக்கில் எத்தனையோ வீடுகளிலும் கடைகளிலும் அவர் படம் சாமி படத்தோடு தொங்குகிறது. எல்லாம் ஒரே பழைய புகைப்படத்தின் பிரதிதான். கைப்பட வரைந்த சிறு படம், அணையோடு சேர்த்து, நல்ல சட்டத்தில் கிடைத்தால் நம் ஊர்க்காரர்களே வாங்குவார்கள். அவருடைய பிறந்த நாள் ஜனவரி 15, பொங்கலோடு வருகிறது. அடுத்தபடி சுருளி அருவி, போடிமெட்டு மலைப்பாதை, பந்தலில் தொங்கும் கம்பம் திராட்சை, ஏலத்தோட்டத்துப் பெண்கள். அச்சில் கிடைக்கும் சாமி படத்தையே திருப்பி வரையச் சொல்ல வேண்டாம். அதில் சிவகாசியோடு விலையில் போட்டி போட முடியாது. படத்தின் பின்பக்கம் வரைந்தவர் பெயரும் ஊரும் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். யார் வரைந்தது என்று தெரிந்தால் வாங்குகிறவர் விலையைக் குறைத்துக் கேட்பது குறைகிறது.

சரக்கைக் காப்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். குமுளிப் பக்கத்துக் கடைகளில் ஈரக்காற்றுக்குத் தாளில் பூஞ்சை பிடிக்கும். தாளும் கண்ணாடியும் ஒட்டாதபடி அட்டை விளிம்பு வைத்துச் சட்டம் போடச் சொல்ல வேண்டும். சுண்ணாம்புச் சுவரில் நேராகச் சாய்த்து வைத்தால் கரையான் ஏறும். பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறவர்களுக்குக் கண்ணாடிச் சட்டம் சுமை. பாதிச் சரக்கைச் சட்டமில்லாமல், கெட்டி அட்டைக்கு நடுவே வைத்து உறையில் போட்டு வைத்தால் சட்டத்துக்கான 70 ரூபாய் அடக்கத்தில் குறையும், விலையையும் அதற்கேற்பக் குறைக்கலாம். கார்த்திகைக்கு வேண்டிய சரக்கை ஐப்பசியில் போய்க் கேட்டால் கிடைக்காது. கைவேலை, இயந்திரம் அல்ல. நாளைக்கு நான்கு படம் என்றால் நூறு படத்துக்கு இருபத்தைந்து வேலைநாள் ஆகும். ஆடியில் வியாபாரம் மந்தமாக இருக்கும்போதே போய்ப் பார்த்து, விலை பேசி, அளவும் எண்ணிக்கையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.