ஒற்றைச் சம்பளமும் தனியார் பள்ளியும்

தோட்டத்தை விட்டு ஈப்போ பக்கம் வந்து, ஒண்டியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார்கள் சிலர், "கடன்பட்டாவது பிள்ளையைத் தனியார் பள்ளியில போடணும்" என்கிறார்கள். அந்த ஆசையை நாம் குறை சொல்லவில்லை. கணக்கை மட்டும் பார்ப்போம்.

2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. வாடகை, அரிசி, பஸ் காசு போக மிச்சம் எவ்வளவு? சேமநிதியில் கல்விக்கென்று எடுக்கும் பணம் மேல்படிப்புக்குத்தான். பள்ளிக் கட்டணத்துக்கு இல்லை. 2024-இல் வந்த நெகிழ்வுக் கணக்கில் எதற்கும் எடுக்கலாம். ஆனால் மாதச் சந்தாவில் பத்தில் ஒரு பங்குதான் அதில் சேரும். கடன் வாங்கிச் சேர்த்து, பாதியில் கட்ட முடியாமல் போனால் தவிப்பது பிள்ளைதான்.

தமிழ்ப்பள்ளியிலும் அரசாங்க இடைநிலைப் பள்ளியிலும் மாதக் கட்டணம் கிடையாது. வருமானம் குறைந்தவர்கள் சமூகநல இலாகாவில் பிள்ளைக்கான உதவிக்கு மனுப் போடலாம். கேட்க வெட்கம் எதற்கு?

பெரிய செலவு எஸ்.பி.எம். முடிந்த பிறகுதான் வரும். சேமிப்பை அதற்கு வைப்போம். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தில் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி, தோட்டங்களையே வாங்கிய சனம் நாம். பிள்ளையின் பெயரிலும் அப்படிக் கட்டுவோம், தாய்மார்களே!