வண்டியே வீடு

கட்டில், அடுப்பு, மேசை ஆகியவற்றை வண்டிக்குள்ளேயே அமைத்துக்கொண்டு ஊர் சுற்றும் வழக்கம் அமெரிக்காவில் உண்டு. ஜான் ஸ்டைன்பெக் என்னும் எழுத்தாளர் 1960ஆம் ஆண்டில், தமது 58ஆம் வயதில், இத்தகைய வண்டியொன்றில் நாட்டைச் சுற்றிவரப் புறப்பட்டார். சார்லி என்னும் நாய் அவருக்குத் துணையாயிற்று. வண்டிக்கு ‘ரோசினான்டே’ எனப் பெயரிட்டார்; அது டான் குவிக்சோட் கதையில் வரும் குதிரையின் பெயராகும்.

வானளாவிய ரெட்வுட் மரங்களைக் கண்டு வியந்தார். பின்னர், தாம் முன்பு வாழ்ந்த மான்டரே நகரில் பழைய நண்பர்களைச் சந்தித்தார். வேறு சில நண்பர்கள் இறந்துபோயிருந்தனர். ஊரும் மாறியிருந்தது, தாமும் மாறியிருந்ததை அவர் உணர்ந்தார்.

இப்பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் 1962இல் வெளிவந்தது. அவ்வாண்டே இலக்கியத்துக்கான நோபல் பரிசும் அவருக்குக் கிடைத்தது. அவர் பிறந்த சலினாஸ் நகரக் காட்சியகத்தில் அவ்வண்டி வைக்கப்பட்டுள்ளது.

மலையும் மரமும் நமக்காகக் காத்திருக்கும், மனிதர் காத்திரார். ஆகவே, நண்பரைக் காண நாள் கடத்தலாகாது.