சுவருக்குப் பின்னால் நிற்கும் தண்ணீர்

மலைச்சாலையில் வண்டியை ஓரங்கட்டினால் முதலில் தடுப்புச் சுவரிடம்தான் போவேன். அதில் வரிசையாகத் துருத்திக்கொண்டிருக்கும் குழாய்களுக்குள் விரல் விட்டுப் பார்ப்பேன். அடைமழைக் காலத்தில் விரல் நனைந்தால் நிம்மதி. காய்ந்த மண் ஒட்டினால் வயிற்றைப் பிசையும். வெளியே வராத தண்ணீர் சுவருக்குப் பின்னால் நிற்கிறது என்று அர்த்தம்.

நீலகிரிச் சாலைப் பணிகளில் 28 ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்தேன். சாலையை 3 மீட்டர் அகலப்படுத்தப் போகிறோம் என்றால், கேட்பவர்களுக்கு அது சின்ன வேலையாகத் தோன்றும். மலை 45 பாகை சாய்ந்திருக்கும் இடத்தில் 3 மீட்டர் உள்ளே செங்குத்தாக வெட்டினால், 3 மீட்டர் உயரத்துக்கு மண் வெறுமனே நிற்கும். 60 பாகைச் சாய்வில் அதே அகலத்துக்கு 5 மீட்டருக்கு மேல் வெட்ட வேண்டும். மேலே உள்ள பாரத்தைத் தாங்கிக்கொண்டிருந்த அடிவாரத்தைத்தான் அப்படி எடுத்துவிடுகிறோம்.

எங்கள் மலையில் பாறைக்கு மேல் செம்மண் ஆழமாகக் கிடக்கிறது. வெயிலில் கடப்பாறை இறங்காது. அப்படிக் கெட்டியாக இருக்கும். நாலு நாள் மழை ஊறிவிட்டால், மண் துகள்களுக்கு இடையே தேங்கும் நீரின் அழுத்தம் அவற்றின் பிடியைத் தளர்த்திவிடும். 2009 நவம்பரில் பெய்த மழையில் 40 பேருக்கு மேல் மாண்டார்கள். குன்னூர் - மேட்டுப்பாளையம் சாலையும் மலை ரயில் பாதையும் துண்டிக்கப்பட்டன. அந்த வாரத்தை நினைத்தால் இப்போதும் ஈர மண் வாசனை மூக்கில் ஏறுகிறது.

அதற்கும் முன்பு, ஒரு வளைவில் 4 மீட்டர் உயரக் கல் சுவர் கட்டினோம். சுவருக்குப் பின்னால் உடைகல் நிரப்ப வேண்டும். தண்ணீர் அதன் வழியே கீழிறங்கி குழாய்க்கு வரும். கல் லாரி வரவில்லை. வெட்டிய மண்ணையே தள்ளி மூடச் சொன்னார்கள். "சார், தண்ணி எப்படிப் போகும்? இது தாங்காது சார்" என்றார் மேஸ்திரி. திறப்பு நாள் நெருங்கிவிட்டது. நானும் சரி என்றேன். இரண்டாவது மழைக்காலத்தில் சுவர் கர்ப்பிணி வயிறுபோல் முன்னால் தள்ளியது. ஒரு விடியற்காலையில் சாலையில் கிடந்தது. அப்போது பஸ் எதுவும் வரவில்லை.

பிறகு, இடம் கிடைத்த போதெல்லாம் கம்பிவலைக் கூடுகளுக்குள் கல் அடுக்கிக் கட்டவே வாதாடினேன். அதில் தண்ணீர் தானாக வழியும். மண் கொஞ்சம் அசைந்தாலும் கூடு வளைந்து கொடுக்கும். ஆனால் அதற்கு அகலம் வேண்டும். நெருக்கமான சாலையில் அதுதான் கிடைக்காது.

கோத்தகிரி - மேட்டுப்பாளையம் சாலையில் மாநில நெடுஞ்சாலைத் துறை செய்திருக்கும் மண் ஆணி வேலையைப் போய்ப் பார்த்தேன். இந்த முறைக்கு அந்த அகலம் தேவையில்லை. சரிவில் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்துத் துளை போட்டு, நீண்ட இரும்புக் கம்பியைச் செருகி, சுற்றிலும் சிமென்ட் பாலை நிரப்புகிறார்கள். அது இறுகியதும் கம்பியும் மண்ணும் ஒன்றாகிவிடும். வெளியே கம்பிவலையை விரித்து, ஒவ்வொரு ஆணித் தலையிலும் தகடு வைத்து நட்டு முடுக்குகிறார்கள். நழுவப் பார்க்கும் மேல்மண்ணைப் பின்னால் இருக்கும் கெட்டி மண்ணோடு தைத்துவைக்கிற வேலை இது. மேலிருந்து கொஞ்சம் வெட்டி, அதற்கு ஆணி அடித்த பிறகே அடுத்த படிக்கு இறங்க வேண்டும். மொத்தமாக ஜேசிபியால் வெட்டிவிட்டு ஆணியைத் தேடுவது ஆபத்து.

அதன் மேல் புல் விதை, உரம், நார்க்கூழ், பசை எல்லாவற்றையும் தண்ணீரில் கலந்து பீய்ச்சுகிறார்கள். வேர் பிடித்தால் மழைத்துளி நேராக மண்ணை அரிக்காது. வெட்டிவேரும் அருமையான செடி; நல்ல மண்ணில் 3 மீட்டர் வரை வேர் இறக்கும். ஆனால் புல் பிடிப்பது மேல்தோலைத்தான். ஆழத்தில் நழுவும் சரிவுக்குப் புல்லை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம்.

எனக்கு இன்னும் மனக்குறை ஒன்று உண்டு. வெட்டிய சரிவின் உச்சிக்கு மேலே ஒரு வடிகால் இருக்க வேண்டும். மேலிருந்து ஓடிவரும் மழைநீரைச் சரிவில் விடாமல் ஓரமாக ஓடைக்குத் திருப்ப. சாலையில் நிற்பவர் கண்ணுக்கு அது தெரியாது. அதனால் யாரும் கேட்பதும் இல்லை, தூர் வாருவதும் இல்லை.

போன ஐப்பசியில், பழைய சுவர் விழுந்த அதே வளைவில் மேலே ஏறினேன். புதுச் சுவரின் வடிகால் சருகாலும் தண்ணீர் பாட்டில்களாலும் அடைத்துக் கிடந்தது. கிடைத்த குச்சியால் கிளறிவிட்டேன். தேங்கிய நீர் கலங்கலாகக் கிளம்பி, ஓடைப் பக்கமாகத் திரும்பி ஓடியது. அது தெளியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.