கைவிசையும் காவல்விசையும்

தருமபுரியிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள ஊர் பாலக்கோடு. தக்காளி விளைச்சலுக்கும் தக்காளிச் சந்தைக்கும் பெயர் பெற்ற ஊர் அது. கூட்டுறவுச் சர்க்கரை ஆலை ஒன்றும் அங்கு உண்டு. அரவைக் காலத்தில் கரும்பு ஏற்றிய வண்டிகள் சாலையில் மெல்ல ஊர்ந்து செல்லும். சந்தை வேளையிலோ தக்காளி ஏற்றவும் இறக்கவும் வந்த வண்டிகள் நெருங்கி நிற்கும். இவற்றின் பின்னே அகப்பட்டுக்கொண்ட மோட்டார் கார், எஞ்சின் இயங்கியவாறே நெடுநேரம் நிற்க நேரிடுவதுண்டு. ஓடாது நிற்கும் காருக்கு இளைப்பு ஏது என்று சிலர் எண்ணலாம். உண்மை அதற்கு மாறானது. திறந்த சாலையில் சீராக ஓடும் காரைவிட, நெரிசலில் நிற்கும் காருக்கே வெப்பத்தால் நேரும் இடர் மிகுதி.

எஞ்சினுள் பெட்ரோல் எரிவதால் பிறக்கும் ஆற்றல் முழுவதும் சக்கரங்களைச் சென்று சேர்வதில்லை. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெளியேறிவிடும். ஏறத்தாழ மற்றொரு மூன்றில் ஒரு பங்கு எஞ்சினின் உலோகச் சுவர்களைச் சூடாக்கும். இவ்வெப்பத்தை உடனுக்குடன் அகற்றாவிடின் மசகெண்ணெய் தன் தன்மை இழக்கும். சிலிண்டரின் தலைப்பகுதி கோணிப்போகும். விரிவடைந்த பிஸ்டன் சிலிண்டருள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். வாடகைக் கார் ஒன்றை நம்பி வாழும் குடும்பத்திற்கு இஃது எளிதில் ஈடுசெய்யக்கூடிய இழப்பன்று.

மோட்டார் கார் தோன்றிய நாள்முதல் இச்சிக்கலும் உடன் தோன்றியது. கார்ல் பென்ஸ் 1886ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற காரில், நீர் கொதித்து ஆவியாவதன் வாயிலாகவே எஞ்சின் குளிர்ந்தது. 1888ஆம் ஆண்டில் அவருடைய மனைவி பெர்தா பென்ஸ் அவ்வகைக் காரில் ஜெர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைம் நகருக்குச் சென்றபோது, வழிநெடுகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே செல்ல வேண்டியதாயிற்று. பின்னர் வில்ஹெல்ம் மைபாக் என்னும் பொறியாளர் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை அமைத்தார். 1901ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் காரில் பொருத்தப்பட்ட அந்த ரேடியேட்டரில் 8,070 சிறு குழாய்கள் இருந்தன. காற்றுப்படும் பரப்பு பெருகியதால், சிறிதளவு நீரே மீண்டும் மீண்டும் சுழன்று வெப்பத்தை வெளியேற்றப் போதுமானதாயிற்று.

ஆயினும், ரேடியேட்டர் குளிர்வதற்குக் காற்று வேண்டும். கார் விரைந்து செல்லும்போது எதிர்க்காற்று தானே வந்து மோதும். நிற்கும்போது அது கிட்டாது. ஆதலின் ரேடியேட்டருக்கு ஒரு விசிறி தேவைப்படுகிறது. 2014ஆம் ஆண்டு வரை இந்தியாவில் உருவாக்கப்பட்டு வந்த அம்பாசிடர் காரில், எஞ்சினே ஒரு பட்டையின் வழியாக விசிறியைச் சுழற்றியது. 1983ஆம் ஆண்டு டிசம்பரில் விற்பனைக்கு வந்த மாருதி 800 காரிலோ எஞ்சின் குறுக்குவாட்டில் அமைந்திருந்தது. அவ்வாறு அமைந்த எஞ்சினிலிருந்து முன்புறத்து ரேடியேட்டருக்குப் பட்டை ஓட்டுவது எளிதன்று. எனவே அவ்வகைக் கார்களில் மின்விசிறி இடம்பெற்றது.

மின்விசிறி எந்நேரமும் சுழல வேண்டுவதில்லை. நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 90 டிகிரி செல்சியசைக் கடந்ததும், வெப்பத்தை உணரும் விசை ஒன்று மின்னோட்டத்தை இணைக்கும். நீர் போதிய அளவு குளிர்ந்ததும் துண்டிக்கும். ஓட்டுநர் உறங்காது விழித்திருப்பினும், அயர்ந்து மறந்திருப்பினும், அது தன் கடமையைச் செய்யும். ஆதலின் அதனைக் காவல்விசை எனலாம்.

அக்காவல்விசையும் ஒருநாள் பழுதுபடலாம். மேலும், வரப்போகும் வெப்பத்தை அது முன்கூட்டி அறியாது. சேலத்திலிருந்து தருமபுரி நோக்கி வரும் கார் தொப்பூர்க் கணவாயில் ஏற வேண்டும். முன்னே பாரம் ஏற்றிய லாரிகள் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தால், காரின் வேகம் குறையும். எஞ்சினின் உழைப்போ கூடும். ஏற்றம் வருவதை ஓட்டுநர் அறிவார், காவல்விசை அறியாது. இத்தகைய வேளைகளில் விசிறியை விரும்பியபோது இயக்குவதற்காகப் பழைய கார்களில் ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் ஒரு கைவிசை அமைத்துக்கொள்வதுண்டு.

அதனை அமைப்பதில் சிலர் பெரும்பிழை செய்கின்றனர். மின்கலத்திலிருந்து ஒரு கம்பியை நேரே கைவிசைக்குக் கொணர்ந்து, அங்கிருந்து மற்றொரு கம்பியை விசிறிக்குக் கொண்டுசெல்கின்றனர். விசிறி சுழல்வதைக் கண்டு வேலை முடிந்தது என மகிழ்கின்றனர். ஆனால் ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு மின்விசிறி 10 ஆம்பியர் மின்னோட்டத்தைக் கொள்வதாக வைத்துக்கொள்வோம். சுழலத் தொடங்கும் கணத்தில் இது பன்மடங்கு மிகும். கைவிசையின் இணைப்பில் 0.1 ஓம் மின்தடை இருப்பின், அங்குத் தோன்றும் வெப்பம் எவ்வளவு? மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் விடை கிட்டும்: 10 × 10 × 0.1 = 10 வாட்டு. ஒரு சிறு முனையில் இவ்வளவு வெப்பம் இடையறாது தோன்றினால், விசையின் பிளாஸ்டிக் இளகும், கம்பியின் உறை கருகும், தீப்பற்றவும் கூடும்.

இதற்கு மாற்றாகப் பயன்படுவது ரிலே என்னும் சிறு கருவி. தந்தியில் தொலைவிலிருந்து நலிந்து வரும் மின்னோட்டம் வேறொரு வலிய மின்னோட்டத்தை இயக்குவதற்காக 1830களில் கண்டறியப்பட்ட உத்தி இது. ரிலேயினுள் ஒரு மின்காந்தச் சுருள் உண்டு. அதில் சிறிதளவு மின்னோட்டம் பாய்ந்ததும் அது காந்தமாகி, ஓர் இரும்புத் தகட்டை இழுக்கும். தகடு வலிய மின்சுற்றை மூடும். சுருளுக்கு 0.15 ஆம்பியர் அளவே போதுமானது. முன்னர்க் கண்ட அதே இணைப்பில் இம்மின்னோட்டம் தோற்றுவிக்கும் வெப்பம் 0.00225 வாட்டுதான். முன்னதில் நாலாயிரத்தில் ஒரு பங்கும் இல்லை!

கார்களில் பயன்படும் ரிலேயின் முனைகளில் 30, 87, 85, 86 என்னும் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். மின்கலத்தின் நேர்முனையிலிருந்து வரும் தடித்த கம்பி, முதலில் ஓர் உருகியினுள் சென்று, பின்னர் 30ஆம் முனையை அடைய வேண்டும். அவ்வுருகி மின்கலத்தின் அருகிலேயே இருத்தல் இன்றியமையாதது. அப்போதுதான் கம்பி எவ்விடத்தில் உராய்ந்து காரின் உடலைத் தொட்டாலும் உருகி உருகிக் காரைக் காக்கும். 87ஆம் முனையிலிருந்து மற்றொரு தடித்த கம்பி விசிறிக்குச் செல்லும். 85, 86 ஆகியவை சுருளின் இரு முனைகள். ஒன்று, சாவியைத் திருப்பியதும் மின்சாரம் பெறும் கம்பியோடு இணையும். மற்றொன்று, காவல்விசையின் வழியாகக் காரின் உடலோடு இணையும். விசிறிகள் இரண்டாயின், ஒவ்வொன்றுக்கும் தனி ரிலேயும் தனி உருகியும் அமைப்பது நன்று.

கைவிசையை எங்கே இணைப்பது? காவல்விசைக்குப் பக்க இணைப்பாகவே இணைத்தல் வேண்டும். அதாவது, காவல்விசையின் இரு முனைகளுக்கும் கைவிசையின் இரு முனைகள் துணையாக அமைய வேண்டும். அப்போது இரண்டில் எது மூடினாலும் விசிறி சுழலும். கைவிசையைத் தொடாது விட்டாலும் காவல்விசை தன் பணியைச் செய்யும். இரண்டையும் தொடராக இணைத்தாலோ, இரண்டும் மூடினாலன்றி விசிறி சுழலாது. காவல்விசையை அடியோடு நீக்கிவிட்டாலோ, ஓட்டுநரின் ஒருநாள் மறதிக்கு எஞ்சினையே விலையாகக் கொடுக்க நேரும். கைவிசை மூடியிருப்பதைக் காட்ட ஒரு சிறு விளக்கும் அமைத்தல் பயன்தரும்.

வேலை தொடங்குமுன் மின்கலத்தின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். சில கார்களில் எஞ்சின் நின்ற பின்னரும் விசிறி திடீரெனச் சுழலும். அதனிடையே கைவைத்தவர் விரலை இழக்கக்கூடும். கணிப்பொறியே விசிறியை ஆளும் புதிய கார்களில், உற்பத்தியாளரின் வரைபடத்தைக் காணாது கம்பியை வெட்டலாகாது.

மேலும், கைவிசை நோய்க்கு மருந்தன்று. விசிறி சுழன்றும் வெப்பமானியின் முள் ஏறிக்கொண்டே சென்றால், காரை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். நீர் ஒழுகியிருக்கலாம், நீரைச் சுழற்றும் பம்பு பழுதுற்றிருக்கலாம். ரேடியேட்டர் சூடாக இருக்கும்போது அதன் மூடியைத் திறத்தல் கூடாது. அழுத்தத்தில் அடைபட்டிருந்த கொதிநீர் பீறிட்டு முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும்.

மனிதனின் முன்னறிவு பெரிது; அவனுடைய மறதியும் பெரிது. வருவதை அறிந்து உதவுவது கைவிசையின் பணி. மறந்தபோதும் காப்பது காவல்விசையின் பணி. ஒன்று மற்றொன்றின் இடத்தைக் கவராது இரண்டும் அருகருகே நிற்குமாறு அமைப்பதே நல்ல தொழிலாளியின் திறன் ஆகும்.