படகு என்ஜினுக்கு பைக் ஆயில் ஊற்றலாமா?
ஸ்ரீ விஜயபுரம்: அந்தமானில் சிறு படகுகளின் பின்புறம் பொருத்தப்படும் டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு என்ஜின்களில், பெட்ரோலுடன் ஆயிலும் சேர்ந்தே எரிகிறது. முழுமையாக எரியாத ஆயில், புகை வெளியேறும் துளையிலும் பிஸ்டன் வளையங்களின் பள்ளத்திலும் கரியாகப் படிகிறது. மீன்பிடிக்கும்போது நெடுநேரம் மெதுவாக ஓட்டினால் இந்தப் படிவு அதிகரிக்கும். வளையங்கள் ஒட்டிக்கொண்டால் அழுத்தம் குறைந்து, நடுக்கடலில் என்ஜின் நின்றுவிடக்கூடும்.

எளிதில் கிடைக்கிறது என்பதற்காக மோட்டார் சைக்கிளுக்கான 2டி ஆயிலை ஊற்றுவது சிக்கலை வளர்க்கும். காற்றால் குளிரும் என்ஜினின் மிகுந்த வெப்பத்துக்கெனத் தயாரிக்கப்படும் அந்த ஆயில், பொதுவாகச் சிறிது சாம்பலை மிச்சம் வைக்கும். கடல்நீரால் குளிரும் என்ஜினுக்கு உரியது, சாம்பல் சேர்க்காத டிசி-டபிள்யூ3 தர ஆயில். தயாரிப்பாளர் 50-க்கு 1 எனக் குறிப்பிட்டிருந்தால், 20 லிட்டர் பெட்ரோலுக்கு 400 மில்லி போதும். கூடுதலாக ஊற்றினால் அதுவும் கரியாகவே படியும்.