முழுக் குவியலையும் ஏற்கலாமா?

மன்ற இதழில் சீட்டாட்டத்திற்கு இடமா என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் சற்றே பொறுத்தருள்க. சூதின் பெருமை பேச நான் வரவில்லை. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை நாடாளுமன்றம் 2025இல் சட்டமியற்றித் தடை செய்தது. நம் விடுதியிலோ புளியங்கொட்டைதான் நாணயம். ஆயினும் அந்த ஆட்டத்திலேயே, கணக்கில் வல்ல மாணவர்களும் ஓரிடத்தில் இடறி விழக் காண்கிறேன். எதிரி தன் கையிருப்பு முழுவதையும் நடுவில் தள்ளி, "என்னப்பா, ஏற்கிறாயா?" என்று கேட்கும் இடம் அது. போக்கரில் இதனை 'ஆல் இன்' என்பர்.

ஏற்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. நாம் வைக்கவேண்டிய தொகையை, வைத்தபின் சேரும் மொத்தத்தால் வகுக்க வேண்டும். நடுவில் 100 இருக்க, எதிரி 100 வைக்கிறார். நாமும் வைத்தால் மொத்தம் 300. மூன்றில் ஒரு முறை வென்றாலே நட்டமில்லை. அவர் 900 வைத்தாலோ, 900ஐ 1900ஆல் வகுக்க வேண்டும். நூற்றுக்கு 47க்கு மேல் வென்றாக வேண்டும். பந்தயம் எவ்வளவு பெரிதாயினும் இத்தேவை 50ஐ எட்டாது.

"பாதிக்குப் பாதிதானே!" என்று பாய்கிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். தொகை பெருகப் பெருக, அதைத் துணிந்து வைப்பவரின் சீட்டும் மாறுகிறது என்பதை அவர்கள் நினைப்பதில்லை.

டெக்சாஸ் ஹோல்டம் ஆட்டத்தில் என் கையில் இரண்டு ராஜாக்கள் இருப்பதாகக் கொள்வோம். மீதி 50 சீட்டுகளில் எதிரிக்கு ஏஸ் ஜோடி அமைய 6 வழிகள். ராணி ஜோடிக்கு 6. ஏஸும் ராஜாவும் சேர 8. ராணி ஜோடியை நான் நூற்றுக்கு 82 முறை போல் வெல்வேன். ஏஸ்-ராஜாவை 70 முறை அளவில். ஏஸ் ஜோடியையோ 18 முறைதான். கையிருப்பு, ஆட்டந்தோறும் வைக்கும் கட்டாயத் தொகையைப் போல் 20 மடங்கே என்றால், எதிரி இவை எல்லாவற்றோடும், இன்னும் மெலிந்தவற்றோடும் துணிவார். இந்த 20 வழிகளை மட்டும் கூட்டிப் பார்த்தாலே எனக்கு 58 கிடைக்கிறது. தாராளமாய் ஏற்கலாம். கையிருப்பு 300 மடங்கு ஆகட்டும். மாறி மாறி ஏற்றியபின் கடைசியில் முழுவதும் வருகிறது. ராணி ஜோடிக்காரர் எப்போதோ ஒதுங்கியிருப்பார். நிதான ஆட்டக்காரரானால் ஏஸ் ஜோடி ஒன்றே மிஞ்சும். என் ராஜாக்கள் அதே ராஜாக்கள். 58 மட்டும் 18 ஆகிவிட்டது!

அப்படியானால் எப்போதும் மடக்கிவிடலாமா? எதிரி வெறுங்கையோடு மிரட்டவும் கூடுமே. 2003இல் லாஸ் வேகாசில் நடந்த உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் 839 பேர் ஆடினர். இறுதியில் எஞ்சியோர் இருவர்: பழுத்த ஆட்டக்காரரான சாமி ஃபர்ஹா, கணக்கராய்ப் பணிபுரிந்த கிறிஸ் மணிமேக்கர். (அது புனைபெயரன்று, உண்மைப் பெயரே!) ஒரு கையில் மேசைமேல் ஸ்பேடில் 9, 6, 8, டைமண்டில் 2, ஆர்ட்டினில் 3 விழுந்தன. ஃபர்ஹாவிடம் ஸ்பேட் ராணியும் ஆர்ட்டின் 9உம். அதாவது ஒன்பது ஜோடி. மணிமேக்கரிடம் ஸ்பேட் ராஜாவும் ஆர்ட்டின் 7உம். ஸ்பேடும் சேரவில்லை, வரிசையும் சேரவில்லை. அவர் முழுவதையும் தள்ளினார். ஃபர்ஹா நெடுநேரம் எண்ணி மடக்கினார். பட்டமும் 25 இலட்சம் டாலரும் மணிமேக்கருக்குப் போயின.

ஃபர்ஹாவைக் கோழை என்பார் உளர். நான் அவ்வாறு சொல்லேன். ஒரே ஜோடியை நம்பி அவ்வளவையும் வைப்பது எளிதன்று. ஆயினும் அவர் கையிலேயே ஒரு சான்று இருந்தது. எதிரிக்கு ஸ்பேடாகவே இரண்டு அமைய 45 வழிகள். ஸ்பேட் ராணி தம்மிடம் இருந்ததால் அவை 36 ஆகக் குறைந்தன. மறுபுறம், ஒற்றை ஸ்பேடோடும் ஏழோடும் கடைசிச் சீட்டுவரை காத்திருந்து ஏமாந்த கைகள் எத்தனை, அவற்றுள் எத்தனையோடு இந்த மனிதர் இப்படித் துணிவார்? முதற்பாதியை எண்ணிச் சொல்லலாம். பிற்பாதிக்கு எதிரே இருப்பவரின் முகத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஃபர்ஹாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.